கஞ்சி வாங்காத விருந்தாளிகள்

போன மாதம் நம் தெருக் கோயிலுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன். வழுக்குகிறது. நம் வயதுக்கு அது ஆகாது, உங்களில் யாராவது ஊருக்குப் போனால் பார்த்துக் கால் வையுங்கள். பீடத்துக்கு மேலே புதுச் சுரூபம் ஒன்று பளபளவென்று தொங்குகிறது. சிலுவையில் பாடுபட்டவர் மாதிரியே இல்லை, இப்போதுதான் குளித்துத் தலை சீவிக்கொண்டு வந்தவர் மாதிரி இருக்கிறார். பழைய மரச் சுரூபம் எங்கே என்று கேட்டேன். கோயிலை இடித்துக் கட்டினபோது எங்கேயோ போய்விட்டது, கரையான் அரித்திருக்கும் ஆன்ட்டி, என்றான் இப்போதைய உபதேசியாரின் மகன். அதன் பாதம் இரண்டும் பச்சையாக இருக்குமே, அது ஏன் தெரியுமா என்றேன். பச்சையாகவா இருந்தது என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு இது தெரிந்த கதை. ஆனால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் பேரப் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் எங்கேயாவது தப்பாகச் சொன்னால் போன் போட்டுத் திட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

நமக்கெல்லாம் அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரும்புக்கு நடுவே நம் தெரு கிடந்தது. தெரு முழுக்க வேதக்காரர்கள், தெரு முழுக்கக் கூலிக்காரர்கள். சாமியார் கள்ளக்குறிச்சியிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் உபதேசியார்தான். ஒல்லியான மனிதர். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், யாராவது எதிரே வந்தால் அவசரமாக மாட்டிக்கொள்வார்.

சுற்றியிருந்த நிலமெல்லாம் பெரிய வூட்டுக்காரருடையது. கரும்பு அவருடையது, வெல்லம் காய்ச்சுகிற ஆலை அவருடையது, நாம் குடிக்கிற தண்ணீரும் அவருடைய மோட்டார் கொட்டாயில் பிடித்ததுதான். நம் தெருக் கிணறு சித்திரைக்கு முன்னாடியே காய்ந்துவிடும். நம் பெற்றோர் அவரை ‘ஆண்ட’ என்றுதான் கூப்பிடவேண்டும். அவர் வீட்டு வாசலில் நமக்கு மோர் ஊற்றினால் உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றுவார்கள். நம் வீட்டில் அவர்கள் கை நனைத்ததே கிடையாது. இதையெல்லாம் அன்று நாம் யாரும் கேள்வி கேட்டதில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, அது போல இதுவும் என்று இருந்தோம்.

அந்த வருஷத் தவக்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தவக்காலம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வெல்ல வாசனை. நம் வீடுகளில் கறி கிடையாது, மீன் கிடையாது, ஆலைப் பக்கமிருந்து மட்டும் பாகு காய்கிற வாசனை நாள் முழுக்க வந்து வயிற்றைக் கிள்ளும். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவாள். பிடியரிசி. எல்லா வீட்டிலும் அந்தப் பானை உண்டு. உயிர்ப்புத் திருநாள் அன்று கொண்டுபோய்க் கோயிலில் கொட்டுவோம். அந்த வருஷம் அதை வைத்துக் கோயில் ஓடு மாற்றுவதாகப் பேச்சு. மழைக்காலத்தில் பீடத்தின் மேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

கோயில் வாசல் கூட்டுகிற முறை அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. விளக்குமாற்றோடு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசல் நிறைய ஆட்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். மூங்கில் கழியில் துணியைத் தூளியாகக் கட்டி ஒரு ஆளைச் சுமந்து வந்து இறக்கியிருந்தார்கள். அவனுடைய வலது கையில் புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதில் ரத்தமும் வெல்லப் பாகும் சேர்ந்து கறுத்துப்போய், ஈ மொய்த்தது. பக்கத்தில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததுமே தெரிந்தது, மலைக்காரர்கள். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து பெரிய வூட்டுக்காரர் கரும்பு வெட்டவும் ஆலை ஓட்டவும் இறக்கியிருந்த ஆட்கள்.

நான் ஓடிப்போய் உபதேசியாரைக் கூட்டி வந்தேன். சாம்பல் பூசின பல்லோடு வந்தார். அந்த ஆளின் தாய், நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக ஒரு கிழவி, எழுந்து நின்று கும்பிட்டாள்.

“டாக்டரு எப்ப வருவாருங்க?”

“இன்னா டாக்டரு? இது கோயிலும்மா.”

கிழவி கோயில் முகட்டைக் காட்டினாள். “குறி போட்டிருக்குதுங்களே.”

விஷயம் இதுதான். கள்ளக்குறிச்சி கன்னியர் மடத்து சிஸ்டர்களுடைய மருந்து வேன் ஒன்று மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் சிலுவை வரைந்திருக்கும். அந்தக் குறி இருந்தால் ஊசி உண்டு, மாத்திரை உண்டு, திட்டமாட்டார்கள் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். கரும்புக் காட்டிலிருந்து தினமும் நம் கோயில் முகட்டைப் பார்த்திருக்கிறார்கள், இவ்வளவு பெரிய குறியென்றால் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்று நினைத்திருக்கிறார்கள். ஆலை உருளையில் மகனின் கை மாட்டிக்கொண்டதும், மஞ்சளை வைத்துக் கட்டு, ஆலையை நிறுத்தாதே என்று மேலிடத்துச் சொல் வந்ததும், விடிவதற்குள் அத்தனை பேரும் கத்தியைப் போட்டுவிட்டு இந்தக் குறியைப் பார்த்து நடந்து வந்துவிட்டார்கள்.

உபதேசியார் தலையைச் சொறிந்தார். முகட்டைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். “சரி, உள்ள இட்டுக்கினு வாங்க” என்றார்.

உள்ளே வந்த கிழவி நேராகப் பீடத்துக்கு எதிரே போய் நின்றாள். மரச் சுரூபம் உங்களுக்கு நினைவிருக்கும். செய்தவர் யாரோ, ரத்தத்தை மட்டும் தாராளமாக வைத்திருந்தார். முழங்கால் இரண்டும் சிராய்த்து, விலாவில் குத்து, பாதத்தில் ஆணி. கிழவி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இவுரு எப்ப வந்தாரு? இவுருக்கே இன்னும் கட்டுப் போடலியா?”

நாம் பிள்ளைகள் எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தோம். உபதேசியார் சிரிக்கவில்லை. மலைக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தெருவில் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் தெரியாமல் கேட்டாளா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மகனைத் தூளியில் சுமந்து வந்தவள் கேட்ட கேள்வி அது. இத்தனை வருஷமாக எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

உபதேசியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடி, வேனோடு சிஸ்டரை அழைத்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று விரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இந்தக் கையோடு மலையேறினால் சீழ் பிடித்து முழுக்கையும் போய்விடும், ஆறும் வரைக்கும் தினமும் கட்டு மாற்றவேண்டும் என்றார் சிஸ்டர். அப்படித்தான் அவர்கள் கோயிலிலேயே தங்கினார்கள். அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போக மனமில்லை. ஆலைக்குத் திரும்பவும் மனமில்லை.

அவர்கள் வந்த அன்றைக்கே மத்தியானம் அம்மாவும் சின்னம்மாவும் பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சித் தலையில் வைத்துக் கொண்டுபோனார்கள். நான் துவையல் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன். கிழவி வாசல்படிக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

“கோவிச்சிக்காதீங்கம்மா. எங்க ஊர்க் கட்டு அப்பிடி. கீழ யார் கையிலயும் சாப்புட்டோம்னு தெரிஞ்சா மேல போனதும் எங்கள ஊரை விட்டு வெலக்கி வெச்சிடுவாங்க. ஒங்க கையில வாங்கினா ரொம்ப ஜாஸ்தி தப்புன்னுவாங்க.”

அவள் சங்கடப்பட்டுத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். பசியில் கண் செருகிக் கிடந்த பிள்ளைகள்கூடக் குண்டானைப் பார்த்தனவே தவிரக் கையை நீட்டவில்லை.

சின்னம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவின் தங்கை அவள், வாய்க்காரி. “நம்ம கோயில்ல படுத்துக்கலாம். நம்ம ஆளுங்க சைக்கிள்ல ஓடலாம். கஞ்சி மட்டும் தீட்டா? வா க்கா, போலாம். பட்டினி கெடந்தா தன்னால எறங்கி வருவாங்க.”

அக்கா வாய் திறந்தால் அது கொட்டாவிக்குத்தான் என்று சின்னம்மா எப்போதும் கேலி செய்வாள், அவ்வளவு பேசாதவள் அம்மா. குண்டானைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நம் கஞ்சியை வேண்டாம் என்று சொல்ல ஆண்ட வீட்டுக்காரர்களால்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். கிழிசல் துணியோடு, போக இடமில்லாமல் வந்தவர்களும் சொல்லலாம் என்பது எனக்குப் புதிது. அம்மா குண்டானை இறக்கி வைத்துவிட்டு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடியரிசிப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் கோயிலுக்கு நடந்தாள்.

“வேவாத அரிசிக்குத் தீட்டு இல்லல்ல?” என்று கிழவியிடம் கேட்டாள்.

“அரிசி பூமி குடுக்கறதும்மா. அதுக்கு இன்னா தீட்டு.”

“இந்தாங்க அப்போ.”

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் தெருவில் பாதி வீட்டுப் பிடியரிசி கோயில் பின்தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. மறுநாள் மீதிப் பாதி. சின்னம்மா வீட்டுப் பானை கடைசியாகப் போனது, அதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் கொண்டுபோனாள். நம் சட்டியிலும் அவர்கள் சமைக்கக் கூடாதே, உபதேசியார் சின்னசேலம் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி பானை வாங்கி வந்தார். கோயில் ஓடு மாற்றுகிற கதை அதோடு முடிந்தது.

உபதேசியார் பாவம், கிடைத்த வாய்ப்பை விடக்கூடாது என்று கிழவிக்குப் பரலோக மந்திரம் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க மலைச்சாமி கரியராமன் இருக்காருங்க” என்றாள். உபதேசியார் கொஞ்சம் யோசித்தார். “சரி, அவுருகிட்டயே வேண்டிக்குங்க. இங்கேர்ந்து வேண்டினாலும் அவுருக்குக் கேக்கும்” என்றார். சாமியாருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

சிஸ்டர் கட்டுப் போட்டுப் போன பிறகு கிழவி தன் வைத்தியத்தையும் விடவில்லை. ஓடைக்கரையில் ஏதோ இலை பறித்து வந்து கல்லில் அரைத்து, கட்டுக்கு மேலே முழங்கை வரைக்கும் மகனுக்குப் பூசுவாள். மிச்சம் விரலில் ஒட்டியிருப்பதை வழித்துக்கொண்டு போய், முக்காலி மேல் ஏறி, சுரூபத்தின் பாதத்தில் ஆணி அடித்த இடத்தில் தடவுவாள். முதல் நாள் உபதேசியார் பார்த்துவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் நின்றார். நின்று, திரும்பி வந்து, நம்மையெல்லாம் வெளியே போய் விளையாடச் சொன்னார். அதிலிருந்து அவள் தினமும் தடவினாள். தவக்காலக் கடைசியில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்போமே, அப்போதும் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பாதத்துக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மறுபடியும் இழுத்து மூடினாள்.

இதற்குள் பெரிய வூட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. என் அப்பா அவருடைய ஆலையில் பாகு காய்ச்சுகிறவர். ஒரு சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்தார், கால் கழுவக்கூட இல்லை.

“ஆண்ட சொல்லிட்டாரு. கை போனவன் இருக்கட்டும், மத்தவங்க திரும்பணுமாம். இல்லன்னா நம்ம தெருவுக்கு வேலயும் கெடையாது, மோட்டார்ல தண்ணியும் கெடையாது.”

அன்று கோயில் வாசலில் தெருவே கூடியது. அப்பாதான் முதலில் பேசினார். அனுப்பிவிடலாம் என்றார். அவர்கள் வேதக்காரர்களும் இல்லை, நம் உறவும் இல்லை, நம் கையால் தண்ணீர்கூட வாங்காதவர்கள், அவர்களுக்காக நம் பிள்ளைகளைத் தண்ணீர் இல்லாமல் போடுவதா என்றார். பல பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்பாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோழை என்று நினைத்தேன். எத்தனையோ வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பாவே சொன்னார். அந்த மலைக்காரன் முந்தின நாளிலிருந்து தூங்காமல் ஆலைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தானாம். கை மாட்டி அலறியபோது அப்பா பத்தடி தள்ளிக் கொப்பரையில் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். விட்டால் பாகு தீய்ந்துவிடும். கிண்டிக்கொண்டே இருந்தாராம். அந்த ஆட்களைத் தினமும் கண்ணெதிரே பார்க்க அவரால் முடியவில்லை. அதைப் பயம் என்று நான் எழுதி வைத்துக்கொண்டது என் வயதுக் கோளாறு.

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். “ஆஸ்பத்திரின்னு நம்பி வந்துட்டாங்க. இப்ப போயி இது ஆஸ்பத்திரி இல்லன்னு நான் எப்பிடிச் சொல்றது?”

ஒருவர் பின் ஒருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நம் தெருவில் முடிவு எடுப்பது இப்படித்தான், உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மோட்டார் கொட்டாய் வழியில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. அப்பாவும் ஆலைக்குப் போகவில்லை. வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோமுகி ஆற்று மணலுக்குப் போனோம். அந்த வெயில், அந்தத் தூரம், தலையில் சும்மாடு நனைந்து கழுத்தில் வழிகிற தண்ணீர், இதெல்லாம் உங்கள் கழுத்துக்கும் நினைவிருக்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். மலைக்காரப் பெண்களும் வந்தார்கள். நாம் கை வைத்த ஊற்றில் அவர்கள் மொள்ள மாட்டார்களே. கொஞ்சம் மேலே தள்ளி அவர்களுக்குத் தனிப் பள்ளம். அதை யார் தோண்டியது தெரியுமா? அனுப்பிவிடலாம் என்று முதலில் சொன்ன என் அப்பாதான். காலையில் மண்வெட்டியோடு போய் முதலில் அவர்களுக்கு ஆழமாகத் தோண்டிவிட்டு, பிறகு நமக்குத் தோண்டுவார். முகம் மட்டும் கடுகடுவென்று இருக்கும்.

“மேல ரெண்டு பள்ளம், அடியில ஒரே ஊத்து. இது அந்த கரியராமனுக்குத் தெரியுமா?” என்று சின்னம்மா உரக்கக் கேட்டாள். மலைக்காரப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை, உபதேசியார் தலம் தலமாகப் படித்துக்கொண்டிருந்தார். நாம் எல்லோரும் முழங்காலில் இருந்தோம். மலைக்காரர்கள் வழக்கம்போலப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பாட்டு நின்றுவிட்டது. பெரிய வூட்டுக்காரர் செருப்போடு படிக்கு வெளியே நின்றார். கூட இரண்டு ஆட்கள். அவர் கத்துகிற மனிதர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

“உபதேசி, நான் சண்டைக்கு வரல. கரும்பு காஞ்சிக்கினு கீது. அந்த ஆளுங்கள அனுப்பு.”

“அவுங்க வரலன்னு சொல்றாங்க ஐயா.”

“அவுங்க சொல்றது இருக்கட்டும். நீ இன்னா சொல்ற?”

உபதேசியார் செபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சட்டைப் பொத்தானைத் திருகினார். கிழவி தன் மகனுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த இளம்பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவர்களை இழுத்துக்கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போகிறோம் என்பதும்.

பெரிய வூட்டுக்காரர் நம் பெண்கள் பக்கம் திரும்பினார். “தண்ணி இல்ல, வேல இல்ல. யாருக்காவ இத்தினி கஷ்டம்? உங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சாங்களா இவுங்க? உங்க கஞ்சியத் தீட்டுன்னு சொன்னவங்களுக்காவ என்னை மொறச்சிக்கினு நிக்கிறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?”

அது எல்லோருக்கும் உறைத்தது. ஏனென்றால் அது உண்மை. சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மலைக்காரர்களும் குனிந்துகொண்டார்கள். 

என் பக்கத்தில் முழங்காலில் இருந்த அம்மா எழுந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“நீங்களுந்தான் எங்க கையால வாங்கறதில்லீங்க ஆண்ட. உங்க கயினியில நாங்க எறங்கலியா?”

குரல் உயரவில்லை. மரியாதை குறையவில்லை. தண்ணீர் மொள்ளுகிற குரல்தான். என் பக்கத்தில் தினமும் படுத்துத் தூங்குகிற, தலையில் பேன் பார்க்கிற என் அம்மாவா இது என்று அண்ணாந்து பார்த்தேன். பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது, அதற்கு அன்று எனக்குப் பெயர் தெரியாது. பூசையில் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போது வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களே, வராமலே வந்த மாதிரி நடித்தோமே, அது அன்றுதான் எனக்கு நிஜமாக வந்தது.

பெரிய வூட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஆண்கள் பக்கத்தில் அப்பாவைத் தேடினார். அப்பாவும் எழுந்தார். எழுந்து நின்றார், அவ்வளவுதான். அவர் பின்னாலே ஒருவர், அந்தப் பக்கம் சின்னம்மா, இப்படிக் கோயிலே எழுந்து நின்றது. யார் கையிலும் எதுவும் இல்லை. பெரிய வூட்டுக்காரர் திரும்பிப் போய் வண்டியை உதைத்தார். அது முதல் உதைக்குக் கிளம்பவில்லை. அப்போதும் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா மறுபடியும் முழங்காலில் உட்கார்ந்தாள். “அடுத்த தலத்தப் படிங்க” என்றாள் உபதேசியாரிடம்.

மறுநாள் நம் தெருவிலிருந்து ஒருவர்கூட அவர் நிலத்தில் இறங்கவில்லை. அதை யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. வெட்டாத கரும்பு பூத்து நின்றது, மலை ஆட்களும் இல்லை, நம் ஆட்களும் இல்லை. பரிசுத்த வாரம் தொடங்கிப் பாதி போன பிறகு ஒரு காலையில் பார்த்தால் மோட்டார் கொட்டாய் வழியில் முள் இல்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஒரு வார்த்தை கிடையாது. அப்பா ஆலைக்குப் போகவே இல்லை, கடைசி வரைக்கும் போகவில்லை. சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

பெரிய வெள்ளியன்று சாமியார் வந்து ஊதாத் துணியை எடுத்தார். பாதம் இரண்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. சாமியார் உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் கிழவியைப் பார்த்தார். பிறகு சாமியாரின் காதோடு காதாக ஏதோ சொன்னார். சாமியார் செருப்பில்லாத காலோடு வந்து மண்டியிட்டு, அந்தப் பச்சை மேலேயே முதல் முத்தி செய்தார். அவர் பின்னால் தெருவே வரிசையாகப் போய் முத்தி செய்தோம். அப்படி ஒரு கசப்பு. வேப்பெண்ணெய் தோற்றது. பிள்ளைகள் நாம் உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம், சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. பெரியவர்கள் யாரும் துடைக்கவில்லை. கிழவி தூணோரம் நின்று, ஒவ்வொருவர் முகமும் சுளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து சில நாளில் சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, இனி மலையேறலாம் என்றார். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். கஞ்சியை வேண்டாம் என்ற கோபத்தை மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன் நான்.

“இத்தினி நடந்தும் ஒரு வாய் தண்ணி வாங்கலியேம்மா அவுங்க.”

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அவர்களுக்குக் கொடுத்தனுப்பத்தான். “வாங்கினாத்தான் குடுக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னது? போ, அடுப்பு அவியுது பாரு.”

ரோட்டுக்கு வழியனுப்பப் போனோம். கரியாலூர் பஸ் வழக்கம்போலப் பிதுங்கிக்கொண்டு வந்தது. மூட்டைகளை மேலே ஏற்றினார்கள், கிழவியைப் பிடித்துத் தள்ளி உள்ளே ஏற்றினார்கள், அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்று விசில் ஊதினார். கை போனவன் மட்டும் படியில் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் நின்றான். எப்போதும் வலது கையால் பிடித்தவன், இப்போது எந்தக் கையை நீட்டுவது என்று தெரியவில்லை. அவன் மனைவி ஓடிவந்து தாங்கினாள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையால் மட்டும் அவனை ஏற்ற முடியவில்லை.

இத்தனை நாளில் அந்தக் குழந்தையை நம் யாரிடமும் கொடுத்ததில்லை அவள். சின்னம்மா கை தட்டிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், அது சிரித்துக்கொண்டு தாவும், அவள் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். அவள் சுற்றிப் பார்த்தாள். அவர்கள் ஆட்கள் எல்லோரும் பஸ்ஸுக்குள் போய்விட்டிருந்தார்கள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். யோசித்த மாதிரியும் இருந்தது, யோசிக்காத மாதிரியும் இருந்தது. கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் புருஷனைத் தாங்கி ஏற்றி, தானும் ஏறினாள். ஜன்னலிலிருந்து கிழவி இதைப் பார்த்தாள்.

அம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தாள். அது அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தாள். கிழவி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள், அம்மாவின் கையும் அவள் கையும் குழந்தைக்கு அடியில் கொஞ்ச நேரம் ஒன்றாக இருந்தன. பஸ் புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். அம்மா இரண்டு கையையும் தொங்கப் போடாமல் சற்று மடக்கியே வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் என்னிடமும் இல்லாமல் சின்னம்மாவிடமும் இல்லாமல் சொன்னாள்.

“புள்ள நல்ல கனம்.”